பள்ளிக்கூட வளைவு

கண்டக்டரம்மாவுக்கு வழி கேட்டுப் பழக்கமில்லை. ஆயுசு முழுக்க ஊர்தான் அவளிடம் வழி கேட்டது. எந்த பஸ், எங்கே இறங்குவது, இறங்கி இடமா வலமா, ஆஸ்பத்திரிக்கு முன்வாசலா பின்வாசலா என்று கேட்டவர்களுக்கெல்லாம் தோளில் பையும் கழுத்தில் விசிலுமாக நின்றபடியே பதில் சொன்னவள். அப்படிப்பட்டவள் இப்போது பாஷை தெரியாத ஒரு வெளிநாட்டு நகரத்தில், காதுவரை குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு, சந்தையில் கைவிட்ட பிள்ளை மாதிரி தெருமுனையில் நின்றிருந்தாள். குல்லா அவளுடையது அல்ல, மகளுடையது.

மகள் இறந்து சில மாதங்கள் ஆகிவிட்டன. வேலை மேஜையிலேயே தலை வலிக்கிறது என்று சாய்ந்தவள் ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். உடம்பு பெட்டியில் அடைத்து வீடு வந்தது. காரியமெல்லாம் முடிந்தபிறகு, அவள் குடியிருந்த அறையில் கிடக்கும் சாமானை எடுத்துக்கொள்ளவேண்டும் என்று அங்கிருந்து தகவல் வந்தது.

"சாமானை எல்லாம் கட்டி அனுப்பச் சொன்னா அனுப்பிடுவாங்க. இந்த வயசுல நீ எதுக்கு அலையணும்?" என்று உறவுக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். "நான் போறேன்" என்றாள் கண்டக்டரம்மா. அவளுடைய நாத்தனார் அடுப்படியிலிருந்து, காதில் விழட்டும் என்றேதான், முணுமுணுத்தாள். "உயிரோட இருந்து கூப்பிட்டப்ப போகாதவ, இப்ப யாரைப் பாக்கப் போறாளாம்?"

நாத்தனார் வாய் பொல்லாததுதான், ஆனால் அன்றைக்கு அது பொய் சொல்லவில்லை.

அவள் பார்க்க வந்தது ஒரே ஓர் இடத்தை. சாமான், அறை, வீட்டுக்காரர் எல்லாம் ஒரு சாக்கு. அந்த இடத்தைச் சொல்லவேண்டுமென்றால் தாயும் மகளும் ஆடிய விளையாட்டை முதலில் சொல்லவேண்டும்.

மகள் சின்னவளாக இருந்தபோது, ஓய்வு நாள் வந்தால் இருவரும் ஊர் சுற்றக் கிளம்பிவிடுவார்கள். பஸ்ஸிலேயே கிடக்கிறவள் லீவு நாளிலும் பஸ் ஏறுகிறாளே என்று அக்கம்பக்கம் சிரிக்கும். சிரிக்கட்டும். தெரியாத ரூட்டில் ஏறி, கடைசி நிறுத்தம்வரை போய், அங்கிருந்து ஒவ்வொரு நிறுத்தமாக நடந்தே திரும்புவார்கள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு சுகம் கண்டுபிடிக்கவேண்டும், அதுதான் ஆட்டம். அதற்குச் சட்டம் உண்டு. பெரிய கட்டடம், சிலை, பூங்கா இதெல்லாம் செல்லாது. காசு கொடுத்து வாங்குவதும் செல்லாது. நிற்கலாம், பார்க்கலாம், முகரலாம், தொடலாம், அவ்வளவுதான். ஒன்றுமில்லாத மொட்டை நிறுத்தத்தைக்கூட மகள் விட்டதில்லை. "அம்மா, இந்தக் கரண்டுக் கம்பத்துல காதை வெச்சுப் பாரேன், பாடுது" என்பாள். கண்டக்டரம்மாவும் ரோட்டில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்கக் கம்பத்தில் காதை வைப்பாள். பாடத்தான் செய்தது.

அம்மாவின் சொந்த ரூட்டுக்கு அவர்கள் எப்போதோ சுகம் கண்டு முடித்திருந்தார்கள். தண்ணித்தொட்டியில் குழாயடி ஈரத்தின் குளுமை. சலவைக்கடையில் இஸ்திரிச் சூட்டின் வாசம். மரவாடியில் அறுத்த மரத்தூள். கோர்ட்டு நிறுத்தத்தில், மரத்தடியில் டைப் அடிக்கும் இரண்டு பேர் வருஷக்கணக்காக ஒரே நாற்காலிக்குப் போடும் சண்டை. கடைசியில் டிப்போ, அங்கே எந்த சுகமும் இல்லை, ஆனால் அம்மாவின் வேலை முடியும். அதுவே சுகம் என்று மகள் தீர்ப்பு சொல்லியிருந்தாள்.

இந்த ரூட்டில் ஒரு கள்ள நிறுத்தமும் இருந்தது. மரவாடிக்கும் கோர்ட்டுக்கும் நடுவில் பள்ளிக்கூட வளைவு. அங்கே பஸ் நிற்கக்கூடாது. ஆனால் பள்ளி விட்டு வரும் மகள் சரியான நிறுத்தத்துக்குப் போகவேண்டுமென்றால் லாரி பறக்கும் பெரிய ரோட்டைத் தாண்டவேண்டும். அப்பா இல்லாத பிள்ளை, கூட்டிவர ஆள் கிடையாது. காலையில் பக்கத்துவீட்டு அக்கா கொண்டுபோய் விட்டுவிடுவாள். சாயங்காலத்துக்கு அம்மாவின் விசில்தான் கதி. கோர்ட்டுப் பக்கமிருந்து திரும்பி வரும் டவுன் ட்ரிப்பில் வளைவு வந்ததும் கண்டக்டரம்மா ஒரு விசில் கொடுப்பாள். டிரைவர் தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பிரேக்கை மிதிப்பார். பையும் தண்ணீர் பாட்டிலும் இரண்டு பக்கமும் ஆட மகள் ஓடிவருவாள். புதிதாக ஏறிய அவசரக்காரர் எவராவது "ஏன்யா நிக்குது, வண்டிய எடுங்க" என்றால் மொத்த பஸ்ஸும் அவரை அடக்கும். "இருங்க, பாப்பா இன்னும் ஏறல." அவள் ஏறியபிறகுதான் டபுள் விசில். டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜினை மூடிய பெட்டிமேல் உட்கார்ந்து, அந்தச் சூட்டில் கண்சொருக வீடு வருவாள்.

அப்படி வளர்ந்த பெண், படித்து முடித்து, கடல் தாண்டி வேலைக்குப் போனாள். பல் செட் செய்யும் பட்டறையில் வேலை. மெழுகில் பல்லைச் செதுக்கி, அச்சு எடுத்து, நிறம் பார்த்துத் தீட்டும் வேலை. "வெள்ளைன்னா ஒரே வெள்ளைன்னு நினைச்சிட்டு இருந்தேம்மா. பல்லுல எத்தனை வெள்ளை தெரியுமா? டீ குடிக்கிற வெள்ளை, சிகரெட்டு வெள்ளை, பொய் சொல்ற வெள்ளைகூட இருக்கு" என்பாள். முதல் சில நாள் போனில் அழுதாள். குளிர், தனிமை, வாயில் நுழையாத பாஷை. பிறகு ஒருநாள் குரலே வேறு மாதிரி இருந்தது.

"அம்மா, நம்ம ரூட்டு இங்கயும் ஓடுது."

"என்னடி உளர்ற?"

"நெஜமா. ரூமை விட்டு இறங்கினா தண்ணித்தொட்டி. கல்லுத் தொட்டிம்மா, நாயெல்லாம் வரிசையில நின்னு குடிக்குது. நம்ம ஜனங்க ஒருநாளாவது அப்படி நின்னிருக்காங்களா? அப்புறம் சலவைக்கடை. மெஷின் சலவைதான், ஆனா வெளியே ஒரு ஓட்டை வழியா சூடா சோப்பு வாசம் ஊதிக்கிட்டே இருக்கும். கை வெச்சா நடுக்கம் போயிடும். அப்புறம் படத்துக்குச் சட்டம் போடற கடை, அது மரவாடி."

"கோர்ட்டு?"

"செஸ் ஆடற ரெண்டு கிழங்க. ஒருத்தர் தினமும் காயைத் திருடறார். பல் பட்டறைதான் டிப்போ."

"பள்ளிக்கூட வளைவு இருக்காடி?"

"இருக்கு. மரவாடிக்கும் கோர்ட்டுக்கும் நடுவுல, அதே இடத்துல. ஆனா போன்ல சொன்னா ஒண்ணுமில்லாத மாதிரி ஆயிடும். நீ வா, காட்டறேன். ரெண்டு பேருக்கு இடம் இருக்கு."

அன்றிலிருந்து அவர்கள் பேச்சு எதில் தொடங்கினாலும் "எப்ப வர?" என்பதில்தான் முடிந்தது. லீவு கிடைக்கவில்லை என்றாள் கண்டக்டரம்மா. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபிறகு லீவைச் சொல்லமுடியாதே, அதனால் முட்டி வலி வந்தது. முட்டிக்கு மகள் மருந்து அனுப்பியதும், வீட்டைப் பார்க்க ஆள் இல்லை என்று ஆனது. இப்படியே வருஷங்கள் ஓடின. உண்மையான காரணத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்குப் பயம். ஊருக்கே வழி சொன்னவள், ஏர்போர்ட்டில் கழிப்பறை எங்கே என்று கையைக் காட்டிக் கேட்கும் ஆளாக மகள் கண்ணில் படவேண்டுமே என்ற வெட்கம். பஸ்ஸுக்குள் ராணி, வெளியே ஒன்றும் தெரியாதவள் என்று பெண்ணுக்குத் தெரிந்துவிடுமோ என்ற வறட்டு ரோஷம். எவ்வளவு அற்பமான காரணம் பாருங்கள். அந்த அற்பம்தான் அவளை வீட்டிலேயே உட்காரவைத்தது.

இப்போது வந்துவிட்டாள். ஏர்போர்ட்டில் வழி கேட்டாள், கழிப்பறையும் கேட்டாள், உயிர் ஒன்றும் போய்விடவில்லை. சோதனை செய்த அதிகாரி அவள் கைப்பையிலிருந்து விசிலை எடுத்து ஏன் என்பதுபோலப் பார்த்தபோது, "பஸ்" என்றாள். அவன் சிரித்துத் திருப்பிக் கொடுத்தான். இவ்வளவுதானா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. இந்த இவ்வளவுக்குப் பயந்துதானே அத்தனை வருஷம் போனது.

அறையில் மகளோடு குடியிருந்தவளும் தமிழ் பேசுகிற பெண்தான். ரொட்டிக்கடையில் அடுப்பில் வேலை. மகள் அவளை ரொட்டி என்றுதான் கூப்பிடுவாள், அதனால் கண்டக்டரம்மாவுக்கும் அவள் ரொட்டிதான். விடியுமுன் வேலைக்குப் போய், மதியம் முடியில் மாவோடு திரும்பி வருவாள். வந்த அன்றே கண்டக்டரம்மா அவளிடம் கேட்டாள். "பள்ளிக்கூட வளைவுன்னு ஏதாவது சொல்லியிருக்காளா உங்கிட்ட?"

"தண்ணித்தொட்டி, மரவாடி எல்லாம் சொல்வாம்மா. நானும் அப்படித்தான் சொல்லிப் பழகிட்டேன். போஸ்ட்மேன்கிட்டயே ஒருநாள் தண்ணித்தொட்டின்னு சொல்லி முழிச்சேன். ஆனா வளைவு பத்திக் கேட்டா மட்டும், அது எங்கம்மாவுக்குன்னு ரிசர்வ் பண்ணியிருக்குன்னு சொல்லிடுவா."

கண்டக்டரம்மா எழுந்து குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். ரிசர்வ் செய்த சீட்டுக்கு ஆள் வராவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா?

மறுநாள் காலை, மகள் வேலைக்குப் போன அதே நேரத்துக்கு, அவளும் இறங்கினாள். யாரையும் வழி கேட்கத் தேவைப்படவில்லை. தண்ணித்தொட்டியில் ஒரு வயசான நாய் நக்கி நக்கிக் குடித்துக்கொண்டிருந்தது, பின்னால் ஒரு குட்டி நாய் நிஜமாகவே காத்துக்கொண்டிருந்தது. சலவைக்கடைச் சுவரில் ஓட்டை இருந்தது. கையை வைத்தாள், சூடாக சோப்பு வாசம் ஊதியது. இந்த இடத்தில் எத்தனை காலை அவள் கை இருந்திருக்கும் என்று நினைத்ததும் எடுக்க மனசு வரவில்லை. துணியைத் துவைக்க வந்தவர் ஒருவர் இவளுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று ஒதுங்கிப் போனார். படச்சட்டக் கடையின் மரத்தூள் மூக்கில் ஏறியதும் தும்மினாள். சின்ன வயதில் மகளும் மரவாடியில் இப்படித்தான் தும்முவாள்.

கோர்ட்டும் இருந்தது. காலை நேரத்திலேயே, கனத்த கோட்டுகளுக்குள் புதைந்துகொண்டு, இரண்டு கிழவர்கள் செஸ் ஆடினார்கள். ஒருவர் குதிரையை நைசாகக் கோட்டுப் பையில் போட்டதை அவள் கண்ணாலேயே பார்த்தாள். டிக்கெட் எடுக்காத ஆளைப் பிடித்த பழைய சந்தோஷத்தில் உடனே மகளிடம் சொல்லவேண்டும் என்று கைப்பையில் போனைத் துழாவினாள். போன் கைக்கு வந்தபிறகுதான் நினைவு வந்தது.

ஆனால் மரவாடிக்கும் கோர்ட்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை.

இரண்டு பக்கமும் உயரமான பழைய கட்டடங்கள். தெரு லேசாக வளைந்து போனது, அது சரிதான், வளைவு. ஆனால் வெயில் படாத, ஈரம் காயாத, இருட்டடித்த தெரு. பூட்டிய இரும்புக்கதவு ஒன்று, எழுத்து உதிர்ந்த ஒரு பலகை, சைக்கிள் சாய்த்து வைக்கும் கம்பிகள். கதவைத் தொட்டுப் பார்த்தாள், ஜில்லென்று இருந்தது. கம்பியில் காதை வைத்துப் பார்த்தாள், பாடவில்லை. மறுநாள் காலையிலும் போனாள். ஒவ்வொரு ஜன்னலாக அண்ணாந்து பார்த்தாள், சுவர் சுவராக முகர்ந்தாள். அதற்கடுத்த நாளும் போனாள். போன்ல சொன்னால் ஒண்ணுமில்லாத மாதிரி ஆயிடும் என்றாளே, நேரில் வந்தும் ஒன்றுமில்லையே என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். ஊருக்குத் திரும்ப அதிக நாள் இல்லை. அந்த இடம் எது என்று தெரிந்த ஒரே ஆள் அதைச் சொல்லாமலேயே போய்விட்டாள். அதைச் சொல்லவிடாமல் செய்தது தான்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

அன்றைக்கு மதியம் ரொட்டி அவளைப் பல் பட்டறைக்கு அழைத்துப்போனாள். மகளின் சில பொருட்கள் அங்கே இருந்தன. நீளமான அறை, ஜன்னலோரம் வரிசையாக மேஜைகள், ஒவ்வொன்றிலும் வளையும் கழுத்துள்ள விளக்கு. மெழுகு உருகும் வாசனை. அலமாரியில் மேல்வாயும் கீழ்வாயுமாகப் பல்வரிசைகள் எல்லாம் இவளைப் பார்த்துச் சிரித்தன. பட்டறை முதலாளி எழுந்துவந்து இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஊருக்கெல்லாம் பல் கட்டும் மனிதருக்கு முன்வரிசையில் ஒரு பல் இல்லை. மகளும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். மகளின் மேஜையில் இப்போது வேறொரு பெண் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, தப்புச் செய்தவள் மாதிரி, நாற்காலியை விட்டு எழுந்தாள். "உக்காரும்மா, உக்காரு" என்றாள் கண்டக்டரம்மா. பாஷை புரியாவிட்டாலும் அந்தப் பெண் உட்கார்ந்தாள்.

முதலாளி ஒரு காகிதப் பையில் மகளின் கப்பையும், ஒரு ஜோடி செருப்பையும், கழுத்தில் சுற்றும் கம்பளித் துணியையும் போட்டுக் கொடுத்தார். பிறகு ஏதோ நீளமாகச் சொன்னார். பாதியில் சிரித்தார், பிறகு மூக்கைச் சிந்தினார்.

"என்ன சொல்றாரு?"

ரொட்டி மொழிபெயர்த்தாள். "அவ மாதிரி கை யாருக்கும் வராதாம். ஆனா ஒரே ஒரு கெட்ட பழக்கமாம். வானம் தெளிஞ்சிருக்கிற நாள்ல, சாயங்காலம் எல்லாருக்கும் முன்னாடி கிளம்பி ஓடிடுவாளாம். கையில பாதிப் பல்லு இருந்தாலும் அப்படியே வெச்சுட்டுப் போயிடுவாளாம். மறுநாள் சீக்கிரம் வந்து முடிச்சுடுவாளாம், அதனால இவரு திட்டறதில்ல. ஒருநாள் கேட்டாராம், அப்படி என்ன அவசரம்னு. என் பஸ்ஸு போயிடும்னாளாம். அந்தத் தெருவுல பஸ்ஸே கிடையாதே, எந்த பஸ்ஸுன்னு இவருக்கு இன்னிக்கு வரைக்கும் புரியலயாம்."

கண்டக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நிஜமாகவே, சத்தம் வரும்படி. பல் செதுக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஐயோ, டவுன் ட்ரிப்! அது டவுன் ட்ரிப்புடி!"

"என்னம்மா?"

"காலையில வளைவுல வண்டி நிக்காது. சாயங்காலம் திரும்பி வரும்போதுதான் நிக்கும். அதுவும் எதிர்ப் பக்கத்துல. நான் பைத்தியக்காரி, காலையில போய், போற பக்கத்துச் சுவரையே மோந்துக்கிட்டு இருக்கேன். கண்டக்டராம் கண்டக்டர். போற வண்டியா வர்ற வண்டியான்னு கேக்காத கண்டக்டர்!"

ஆயிரம் பேரை "அந்தப் பக்கம் போய் நில்லுங்க" என்று விரட்டியவள் அவள்தான். எதிர்ப்பக்கத்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு பஸ் வரவில்லை என்று புலம்புகிறவர்களைப் பார்த்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்று அந்தப் பட்டியலில் அவளும் சேர்ந்துவிட்டாள்.

அப்போதே ரொட்டியை இழுத்துக்கொண்டு கோர்ட்டுப் பக்கமிருந்து திரும்பி நடந்தாள். ஆனால் வானம் மூடிக்கொண்டது. வளைவில் எதிர்ப்பக்க நடைபாதையில், மஞ்சள் காரை உதிர்ந்த ஒரு சுவரோரம், இருவரும் இருட்டும்வரை நின்றார்கள். ஒன்றுமில்லை. மழைத்தூறல்தான் விழுந்தது. "தெளிஞ்சிருக்கிற நாள்லன்னு சொன்னாரேம்மா. நாளைக்குப் பாக்கலாம்" என்றாள் ரொட்டி. நாளைக்குத்தான் கண்டக்டரம்மா ஊர் திரும்பவேண்டிய நாள். ராத்திரி விமானம். சாயங்காலம் இருட்டுமுன் கார் வந்துவிடும்.

மறுநாள் முழுக்க அவள் ஜன்னலையும் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்தபடி இருந்தாள். மகளின் துணிகளை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். கோட்டின் பையில் ஒரு சின்ன மெழுகுப் பல் கிடந்தது, அதை எடுத்துத் தன் விசிலோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். மதியம்வரை வானம் கம்பளி போர்த்துக்கொண்டே கிடந்தது. "மூஞ்சியைக் காட்டேன், என்ன கெட்டுப்போச்சு உனக்கு?" என்று சூரியனைத் திட்டினாள். ரொட்டி வேலையிலிருந்து வந்து அவளுக்கு ஊட்டாத குறையாக ரெண்டு வாய் சாப்பிடவைத்தாள். அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாக மேகம் விலகியது. ரொட்டி முதலில் பார்த்தாள். "அம்மா, செருப்பைப் போடுங்க" என்றாள். முட்டி வலி என்று வருஷக்கணக்காகச் சாக்குச் சொன்னவள் படியில் அந்தப் பெண்ணை முந்திக்கொண்டு இறங்கினாள்.

கோர்ட்டுக்குப் போய், அங்கிருந்து திரும்பி, டவுன் ட்ரிப்பாகவே வந்தார்கள். கிழவர்கள் ஆட்டத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். தெரு எப்போதும்போல இருட்டாக, ஈரமாக, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கிடந்தது. வளைவு வந்ததும் ரொட்டி நின்றுவிட்டாள்.

"அம்மா."

எதிர்வரிசையின் உச்சியில் இருந்த ஒரு கண்ணாடி ஜன்னலில் மேற்கு வெயில் பட்டது. நேராக இந்தத் தெருவுக்குள் வர வழியில்லாத வெயில், அந்தக் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, மஞ்சள் சுவரிலும் அதன் காலடியிலும் ஒரு சதுரமாக விழுந்திருந்தது. தெரு முழுக்க நிழல், அந்த ஒரு சதுரம் மட்டும் வெயில். பஸ்ஸில் ரெண்டு பேர் உட்காரும் சீட்டு அகலம்தான் இருக்கும். வேலை முடிந்து போகிறவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை, மிதித்துக்கொண்டு போனார்கள்.

கண்டக்டரம்மா அதற்குள் போய் நின்றாள். முதுகைச் சுவரில் சாய்த்தாள். சுவர் கதகதவென்று இருந்தது. அந்தச் சூடு அவளுக்குத் தெரியும். இன்ஜின் பெட்டியின் சூடு. பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்சொருகி, தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட வரும் பிள்ளையின் சூடு. எத்தனையோ சாயங்காலம் இந்தப் பெண் இங்கே தனியாக நின்றிருக்கிறாள். பாதி வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, பக்கத்தில் ஓர் ஆள் இடத்தை விட்டுவிட்டு நின்றிருக்கிறாள். போனில் சொன்னால் ஒண்ணுமில்லைதான். ஒரு ஜன்னல், கொஞ்சம் வெயில், அவ்வளவுதான். இதற்கு அவள் வந்திருக்கலாம். ஒரே ஒரு தடவை வந்திருக்கலாம். வழி தெரியாமல் முழித்திருந்தால் பெண் சிரித்திருப்பாள், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்திருப்பாள், இவ்வளவுதானே நடந்திருக்கும்?

"நான் வந்துட்டேன்டி" என்றாள். "வந்துட்டேன் பாரு. லேட்டு ஆயிடுச்சுடி. உன் வண்டி லேட்டு ஆயிடுச்சு."

கைப்பையிலிருந்து விசிலை எடுத்து வாயில் வைத்து ஒரே ஒரு தடவை ஊதினாள். பெரிதாக ஊத மூச்சு இல்லை. போகிறவர்கள் ரெண்டு பேர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ரொட்டி வாயைப் பொத்திக்கொண்டு தெருவின் நிழலிலேயே நின்றாள், சதுரத்துக்குள் காலெடுத்து வைக்கவில்லை.

கொஞ்சநேரத்தில் வெயில் நகர ஆரம்பித்தது. முதலில் கால் விரல்களை விட்டது, பிறகு முழங்கால், பிறகு மடித்த கைகள். சதுரம் சுவரில் ஏறி ஒல்லியாகி, ஒரு கோடாகி, காணாமல் போனது. தெருவிளக்கு எரிந்தது. கார் வந்துவிட்டது என்று ரொட்டியின் போன் ரெண்டு தடவை அடித்து அடங்கியது. கண்டக்டரம்மா சுவரில் சாய்ந்தபடியே இருந்தாள். ஆனால் நடுவில் நிற்கவில்லை. ஓரமாக ஒதுங்கி, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு நின்றிருந்தாள்.

"அம்மா, கார் வந்துடுச்சு" என்று ரொட்டி மெதுவாகக் கூப்பிட்டாள். "போலாமாம்மா?"

விசிலைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கோர்ட்டுப் பக்கம் தெரு திரும்பும் இடத்தையே பார்த்தபடி, கண்டக்டரம்மா தலையாட்டி மறுத்தாள்.

"இரு. பாப்பா இன்னும் ஏறல."